பானெட்டுக்குள் ஒரு விசாரணை

காரின் ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு கை பொறுக்கிற அளவுக்கு இறங்கியிருந்தது.

என் மனைவி வாசல்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததிலிருந்து என்னிடம் மூன்றே வாக்கியம்தான் பேசியிருக்கிறாள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் இவ்வளவு சிக்கனம் நான் பார்த்ததில்லை.

காரணம் நான்தான்.

காலையில் அவள் முதல்முறையாகத் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை புது வேலையில் சேர வேண்டும். ஊருக்கு வெளியே, குடிநீர் சுத்திகரிக்கும் நிலையத்தில், தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலை. நான்கு வருடம் எழுதிப் போட்டுக் கிடைத்தது. அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. வண்டி ஓட்டினால்தான் வேலை.

மூன்று மாதம் நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக் கத்திக் கற்றுக்கொடுத்தேன். என் கத்தலையும் மீறி அவள் கற்றுக்கொண்டாள். இன்றைக்கு ஒத்திகை.

பாதி வழியில் போன் வந்தது. சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டது, ஓரமாக நிறுத்திவிட்டேன் என்றாள்.

எங்கே நிற்கிறாய், பயந்துவிட்டாயா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, எதையாவது கேட்டிருக்கலாம்.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

இதுதான் நான் கேட்டது. என் வாய் எப்போதும் மூளையைக் கூப்பிடாமலே கிளம்பிவிடும்.

அவள் போனை வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அவளே வண்டியை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தி, சாவியை என் கையில் வைத்தாள்.

"வண்டிய நீங்களே பாருங்க. என்ன கோளாறுன்னு பாத்துட்டு சொல்லுங்க. அப்புறம் திங்கட்கிழமை போறதா வேணாமான்னு நான் சொல்றேன்."

அவளை ஓட்டுநர் இருக்கையில் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டில் கதவுக் கொண்டி கழன்றாலும் சரி, குக்கர் விசில் காணாமல் போனாலும் சரி, யார் செய்தது என்று முதலில் விசாரணை வைப்பேன். சரிசெய்வதெல்லாம் அப்புறம்தான். இன்றைக்கும் தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டுதான் பானெட்டைத் திறந்தேன். வழி முழுக்க இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு போயிருப்பாள். ஆனாலும் ஒப்புக்காவது பார்க்க வேண்டுமே.

எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் அளவு சரியாக இருந்தது. ரப்பர் குழாய்களை அமுக்கிப் பார்த்தேன். ஈரமில்லை, வெடிப்பில்லை. எஞ்சினை ஓடவிட்டேன். மேல் குழாய் சுட்டது, பின்னாலேயே கீழ்க் குழாயும் சுட்டது. அப்படியென்றால் தெர்மோஸ்டாட் திறக்கிறது, உள்ளே தண்ணீர் ஓடுகிறது. விசிறியும் சுற்றியது.

ஊசி மட்டும் நடுவில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. வண்டி கியரிலும் இல்லை, இருக்கையில் அவளும் இல்லை. நின்ற இடத்திலேயே ஏறியது.

எல்லாம் ஒழுங்காக இருந்தும் சூடு ஏறினால், காற்று உள்ளே வரவில்லை என்று அர்த்தம். எஞ்சினை அணைத்துவிட்டு, முன் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் சந்தில் டார்ச் அடித்தேன்.

நீலப் பூப்போட்ட துணி.

ரேடியேட்டரின் முகத்தையே மூடிக்கொண்டு நின்றது.

எனக்கு அந்தத் துணியை நன்றாகத் தெரியும். எங்கள் பழைய பெட்ஷீட்டின் பாதி. வண்டி துடைக்க நான் வைத்திருப்பது. நேற்று சாயங்காலம், அவள் தனியாகப் போகப் போகிறாளே என்று, எண்ணெய் பார்த்து, தண்ணீர் பார்த்து, எஞ்சினைக்கூடத் துடைத்துவிட்டு, துணியை முன் விளிம்பில் போட்டபடியே பானெட்டை மூடிய மகராசன் நான்தான்.

துணியை மெதுவாக மேலே இழுத்தேன்.

என் முதுகுதான் அவளுக்குத் தெரியும், கை தெரியாது. துணியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, தெர்மோஸ்டாட் போய்விட்டது, உன்மேல் தப்பில்லை என்றால் முடிந்தது. அவளும் வேலைக்குப் போவாள், என் மானமும் கப்பலேறாது. வயிறு கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதானே. அது ஒன்றும் புதிதில்லை.

சட்டையின் இரண்டு பொத்தான்களைக் கழற்றியும்விட்டேன்.

அப்போதுதான், ரோட்டு ஓரத்தில் தனியாக நின்றுகொண்டு அவள் என் கேள்வியைக் காதில் வாங்கியிருப்பாள் என்பது உறைத்தது. என்னைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, துணியை இரண்டு கையிலும் ஏந்தியபடி வாசல்படிக்குப் போனேன்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் நேத்து இதை உள்ள விட்டு மூடிட்டேன். உன்மேல கத்தினது தப்பு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டையைப் பார்த்தாள். பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தேன். அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

பட்டாணித் தட்டைப் படியில் வைத்துவிட்டு எழுந்து கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. திங்கட்கிழமைக்கு முன்னாடி இன்னொரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வண்டியைப் பார்த்து நடந்தாள்.

அதன் பிறகுதான் கையிலிருந்த துணியை ஒழுங்காகப் பார்த்தேன்.

நேற்று நான் அதைச் சுருட்டித்தான் போட்டேன். விசிறி இழுத்த துணி கசங்கித்தான் கிடந்திருக்க வேண்டும்.

இது நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மூலை பிசகாமல், நீவி மடித்த மடிப்பு.

எங்கள் வீட்டில் அப்படி மடிக்கத் தெரிந்தவள், ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.