டிஸ்கைப் பிரிக்கும் நேரம்

“என் படத்து மேல மட்டும் கை வெச்சிடாதே, தாயே. பொண்ணோட அப்பா என் தோலை உரிச்சிடுவாரு.”

கல்யாண வீடியோ எடுப்பவன் அவள் கணவன். காலை முழுக்க உட்கார்ந்து வெட்டி ஒட்டிய படம் அந்த லேப்டாப்புக்குள் இருந்தது. சாயங்காலம் பெண் வீட்டாரிடம் கொடுத்தாக வேண்டும்.

அவளுக்கும் அவசரம்தான். நாளை வேலையில் சேருகிறாள். வீட்டிலிருந்தபடியே வேலை. ஆனால் கம்பெனியின் மென்பொருள் லினக்ஸ் இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடும். அவன் தொழிலுக்கோ விண்டோஸ் இல்லாமல் ஆகாது. வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப்.

அதன் ஒரே ஹார்ட் டிஸ்கில் இரண்டையும் குடிவைக்க வேண்டுமானால், முதலில் அதைப் பிரித்து ஒரு பாகத்தைக் காலியாக ஒதுக்க வேண்டும். பிசகினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், இதைச் சொன்னாலே அவன் முகம் பல் பிடுங்கப் போகிறவன் முகமாகிவிடும். “இந்தப் படம் முடியட்டும்” என்பான். அதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிடும். ஊரில் கல்யாணமும் நிற்கவில்லை, அவன் சாக்கும் நிற்கவில்லை.

இன்றைக்கு அவள் விடுவதாக இல்லை.

“பிரிக்கிறப்போ கரண்ட் போயிட்டா?”

“பேட்டரி இருக்குங்க.”

“நீ எதையாவது தப்பா அமுக்கிட்டா?”

“உங்களையே கட்டி மேய்க்கிறேன். இது என்ன பிரமாதம்?”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “என்னால கண்ணால பாக்க முடியாது. முடிஞ்சதும் கூப்பிடு” என்று எழுந்து, பிரசவ அறை வாசலில் நிற்பவனைப் போல வெளியே போய் நின்றான்.

அவள் கதவைச் சாத்தினாள். டீயை ஆற அமரக் குடித்தாள். ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். வெளியே அவன் செருப்புச் சத்தம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தது.

“பிரிச்சாச்சு, வாங்க.”

ஓடி வந்தான். படத்தைத் திறந்தான்.

மணப்பெண் சிரித்தாள். மாப்பிள்ளை வியர்த்தான். சாப்பாட்டு மேசையில் ஒரு மாமா கேமராவைப் பார்த்ததும் மெல்வதை நிறுத்தினார். ஒரு துளிகூடக் காணாமல் போகவில்லை.

போன உயிர் அவனுக்குத் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் குறையும் வந்தது.

“எல்லாம் இருக்கு. ஆனா பாத்தியா, கொஞ்சம் இழுக்குது. பிரிச்சாலே இப்படித்தான். காலையில நான் வேலை செய்யறப்போ என்னமாப் பறந்துச்சு.”

“ஆமாங்க, காலையில நல்லாத்தான் பறந்துச்சு” என்றபடி, லினக்ஸ் ஏற்றி வைத்திருந்த பென் டிரைவைச் செருகினாள்.

நேற்று அவன் இன்னொரு கல்யாணத்தைப் படம் பிடிக்கப் போயிருந்தபோதே, அவன் படங்களுக்கெல்லாம் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அவள் நிதானமாக டிஸ்கைப் பிரித்து முடித்திருந்தாள்.

பிரித்தது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் ஓர் ஆள் தேவைப்பட்டது. காலை முழுக்க உட்கார்ந்து அவன்தான் பார்த்துக் கொடுத்தான்.