மூன்று சாவிகள்

ஏப்ரல் 17. இன்று செய்த தவறு: சாவிப் பதிவேட்டில் கடற்கரை வீட்டுக்கு நேராக 'நான்கு' என்று எழுதிவிட்டேன். வீடுகளை வாடகைக்கு விடும் எங்கள் அலுவலகக் கொக்கியில் தொங்கியது மூன்றுதான்.

"நாலு எங்கேருந்து வந்துச்சு? கனவுல எண்ணினியா?" என்றார் மேனேஜர். எனக்கே தெரியவில்லை. பழக்கத்தில் கை எழுதியிருக்க வேண்டும். அடித்துத் திருத்தினேன்.

"கேட்டுக்கோ. இந்த சீசனுக்கும் அந்த வீடு போகலன்னா, ஓனர் பழைய குடித்தனக்காரங்களையே கூப்பிட்டுக்குவாராம். இன்னிக்கு வர்ற பார்ட்டியை விட்டுடாதே."

அந்தப் பழைய குடும்பத்தை எனக்குத் தெரியும். நாலு பேர். ஓனர் வீட்டை சீசன் வாடகைக்கு மாற்றியதிலிருந்து, ஒரு வருடமாக ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறையில், பாதி மூட்டைகளைப் பிரிக்காமலே காத்திருக்கிறார்கள். பார்ட்டியை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டைப் பெருக்கிவைக்கப் போனபோது தெருவில் ஆபீஸ்காரர்கள் ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். தோளில் துண்டு போட்டவர்கள் எதிர்ப்பக்கம், கடலுக்கு, ஆடி அசைந்து நடந்தார்கள்.

பதினோரு மணிக்குப் பார்ட்டி வந்தது. கணவன், மனைவி, இடுப்பில் நீச்சல் வளையத்தோடு ஒரு சிறுமி. குறைகளை வரிசையாகச் சொன்னேன்.

"பாத்ரூம் கதவு பிடிக்கும். கீழே ஒரு உதை விட்டாத்தான் திறக்கும்."

"எங்க வீட்டுல இவர் தலையால முட்டினாலும் திறக்காது," என்று மனைவி சிரித்தார்.

"காலைல அஞ்சே முக்காலுக்கு ஆபீஸ் ரயில். கட்டிலே ஆடும்."

"ஐ! ரயிலா?" சிறுமி குதித்தாள்.

"பின் ரூம்ல பகல்லயும் லைட் வேணும்." சொல்லிக்கொண்டே அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு சுவிட்சைப் போட்டேன்.

கணவர் என்னையே பார்த்தார். "வீடு காட்ட வந்து இவ்வளவு உண்மை பேசற ஆளை நான் பார்த்ததே இல்லம்மா. உங்களை நம்பியே எடுக்கலாம். சீசன் முழுக்க எழுதிக்கோங்க. அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து."

எழுதினேன். இந்த முறை எழுத்துப் பிழைகூட இல்லை. மேனேஜர் முதல் தடவையாக என்னைப் பாராட்டினார்.

மாலை வகுப்பு முடிந்து வந்தபோது, அப்பா அப்போதுதான் ரயிலைவிட்டு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்னம்மா தப்பு?" டைரியை எடுத்தாலே அவர் செய்யும் கேலி.

"கடற்கரை வீட்டை எடுத்துட்டாங்கப்பா. அடுத்த வருஷத்துக்கும்." நோட்டைத் திறந்து, "அது தப்பு இல்ல. மூணு சாவியை நாலுன்னு எழுதிட்டேன். அதான் தப்பு," என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். நகத்தால் நெம்பி ஒன்றை மட்டும் கழற்றி என் நோட்டின் மேல் வைத்தார்.

"நீ சரியாத்தான் எழுதியிருக்கே. நம்ம வீட்டுக்கு நாலு சாவி."

நாளைய வேலை: ஒன்பது மணிக்குள் நாலாவது சாவியைக் கொக்கியில் மாட்ட வேண்டும்.