ஜாங்கிரி மாஸ்டரின் கல்லீரல்

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றார் ஸ்கேன் டாக்டரம்மா.

பிடித்தான். விட மனம் வரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பும் இதே படுக்கையில்தான் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அன்று திரையில் சிறுநீரகம் கறுப்பாகத் தெரிந்தது. பக்கத்திலேயே கல்லீரல், வெள்ளை வெளேரென்று.

வெள்ளை என்றால் நல்லது என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

அத்தனையும் கொழுப்பு என்றார்கள். இதில் ஒரு துண்டு எடுத்துக் குழந்தைக்கு வைக்க முடியாது என்றார்கள்.

மகளுக்கு இப்போது ஒன்பது மாதம். பித்தக்குழாய் அடைபட்டே பிறந்தவள். கண்ணெல்லாம் மஞ்சள். மனைவியின் ரத்தம் பொருந்தவில்லை. மிச்சம் இருந்தது அவன்தான்.

அவனோ விருதுநகரில் ஜாங்கிரி மாஸ்டர். தொந்தி இல்லாத மாஸ்டரை எந்த முதலாளி நம்புவார்?

இருபது வருடமாகப் பாகை இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்க்கிறவன். கம்பி விழுந்ததும் விரல் வாய்க்குள் போய்விடும். உடைந்த ஜாங்கிரியும் போகும். ஆர்டர் சரக்கில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அது பட்டறைச் சட்டம்.

இந்த மூன்று மாதமும் விரலைத் துண்டில் துடைத்தான். விடிந்ததும் தண்டவாளத்து ஓரமாக எட்டு கிலோமீட்டர் நடந்தான். பதினான்கு கிலோ குறைந்தது. "என்ன மாஸ்டர், சுகரா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்து வைத்தான்.

டாக்டரம்மா திரையை அவன் பக்கம் திருப்பினார்.

கல்லீரல். சிறுநீரகம்.

இரண்டும் ஒரே சாம்பல் நிறம்.

"இத வச்சுப் பாடமே எடுக்கலாம் மாஸ்டர். தாராளமா குடுக்கலாம்."

கண் நிறைந்துவிட்டது. பெருமை தாங்கவில்லை. செய்த சரக்கு எதையும் அவன் இப்படிப் பார்த்துக்கொண்டே கிடந்ததில்லை.

வயிற்றில் தடவிய ஜெல் விரலில் ஒட்டியிருந்தது. பழக்கதோஷம், இழுத்துப் பார்த்தான். கம்பி விழவில்லை. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

எழுந்து, கொண்டுவந்த ஜாங்கிரிப் பெட்டியைப் பிரித்து நீட்டினான். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா ஒன்றை எடுத்துப் பாதியைப் பிட்டு அவனிடமே கொடுத்தார்.

"ஸ்கேனுக்குன்னு ராத்திரியிலருந்து பட்டினி கிடக்கீங்க. நீங்களும் ஒரு வாய் போடுங்க."

வாங்கினான். இன்னும் சூடாறவில்லை. ஒரு கணம் வைத்திருந்துவிட்டு, பெட்டியிலேயே வைத்தான். விரலைத் துண்டில் துடைத்தான்.

துடைத்த கையை, டாக்டரம்மா ஸ்கேன் பார்த்த வலது விலாவின் மேல் வைத்துக்கொண்டான்.

"வேணாம்மா. இது ஆர்டர் சரக்கு."