லேபிளைப் படிங்க!

சூப்பர் மார்க்கெட்டில் பார்பெக்யூ சாஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டே எலக்ட்ரீஷியன் தன் மனைவிக்குப் போன் போட்டார். மனைவி நர்ஸ். அவள் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் ஒரு மிட்டாய்கூட நுழைய முடியாது. பல மாதமாக உப்புச் சப்பில்லாத அவித்த கோழியைத் தின்று அவருக்கு நாக்கு செத்துப்போயிருந்தது.

"டியூட்டியில இருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள்.

"பார்பெக்யூ சாஸ் ஒண்ணு வாங்கிக்கட்டுமா?"

"முதல்ல லேபிளைப் படிங்க. ரெண்டு ஸ்பூனுக்குச் சர்க்கரை எவ்வளவு?"

பன்னிரண்டு கிராம் என்று போட்டிருந்தது.

"ரெண்டே கிராம்தாம்மா."

"உப்பு?"

"இருக்கிற மாதிரியே தெரியல."

"கொழுப்பு?"

"சுத்தமா இல்ல." இது மட்டும் உண்மை.

"அது மொத்தமும் உங்ககிட்டதான் இருக்கு!"

அந்த நேரம் பார்த்து, கடை ஒலிபெருக்கியில் ஒரு குரல் அலறியது. "நாலாம் நம்பர் கவுன்ட்டர் திறந்திருக்கிறது!"

அதே அலறல் போனுக்குள்ளிருந்தும் கேட்டது.

எலக்ட்ரீஷியனுக்குப் பொறி தட்டியது. மெல்ல நடந்து அடுத்த அலமாரிப் பக்கம் எட்டிப் பார்த்தார். காதில் போனும் கையில் கூடையுமாக, நர்ஸ் உடையிலேயே நின்றிருந்தாள் மனைவி. கூடைக்குள் அதே சாஸ், பெரிய பாட்டிலாக ரெண்டு.

"டியூட்டியில இருக்கேன்னு சொன்ன? இது என்ன?"

ஒரு விநாடிதான் விழித்தாள்.

"ரெண்டே கிராம்தான்னு நீங்கதானே சொன்னீங்க? கட்டின புருஷன் சொன்னா நம்ப மாட்டேனா?"

அவர் தன் சின்னப் பாட்டிலையும் அந்தக் கூடையிலேயே போட்டு, கூடையை வாங்கிக்கொண்டு கவுன்ட்டரைப் பார்த்து நடந்தார்.