வெள்ளைத் தொப்பி வரும் வாரம்

“கதவைச் சாத்து! மாட்டிக்கிட்டான் ஹேக்கர்!”

மேனேஜர் கமலநாதன் போட்ட சத்தத்தில் கிள்ளான் லிட்டில் இந்தியாவே திரும்பிப் பார்த்திருக்கும். ‘ஆடித் தள்ளுபடி, ஆகஸ்ட் 15 வரை’ என்று தொங்கிய பேனருக்குக் கீழே, கறுப்பு ஹூடி போட்ட ஒருவன் மடியில் லேப்டாப்போடு திருதிருவென்று விழித்தான்.

“அண்ணே, நான் வைஃப்புக்கு வெயிட் பண்றேன் லா. அவ மேல் மாடியில புடவை பார்த்துக்கிட்டு இருக்கா.”

“எல்லா ஹேக்கரும் இதத்தான் சொல்லுவான்!”

மனைவி பைகளோடு இறங்கி வந்து கமலநாதனுக்குச் செய்த அர்ச்சனையை இங்கே அச்சிட முடியாது. ஒரு புடவையை இலவசமாகக் கொடுத்துத்தான் இருவரையும் அனுப்ப முடிந்தது.

கமலநாதனின் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் தலைமைக் கடையில் உட்கார்ந்திருக்கும் முதலாளி பரமேஸ்வரன் அவருடைய அக்காள் கணவர். ஆன்லைன் வியாபாரம் தொடங்கிய பிறகு, வாடிக்கையாளர்களின் முகவரி முதல் கார்டு எண் வரை எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருந்தன.

“இந்த வாரம் ஒரு ஆள் வருவாங்க மச்சான். நம்ம சிஸ்டத்துக்குள்ள நுழைய முடியுதான்னு பார்ப்பாங்க. முடியலன்னா பூச்சோங் புதுக்கடை உனக்கு. நுழைஞ்சுட்டாங்கன்னா, நீ பழையபடி ஸ்டோர் ரூமுக்கே போயிடு” என்று பரமேஸ்வரன் சொல்லியிருந்தார்.

கமலநாதன் பூச்சோங் முகவரி போட்டு விசிட்டிங் கார்டே அடித்துவிட்டார். யூடியூப் முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்து நிபுணராகவும் ஆகிவிட்டார். ‘சோஷியல் இன்ஜினியரிங்’ என்ற கடைசிப் பாடம் மட்டும் பாக்கி. பெயரைப் பார்த்தால் தனக்குச் சம்பந்தமில்லாத இன்ஜினியர் சமாச்சாரமாகத் தெரிந்ததால், அதை விட்டுவிட்டார்.

கற்ற வித்தையைக் கடை ஊழியர்களுக்கு வாரி வழங்கினார்.

“நல்லா கேட்டுக்குங்க. திருட வர்ற ஹேக்கர் கறுப்புத் தொப்பி. நம்ம அனுமதியோட வந்து ஓட்டையக் கண்டுபிடிச்சுச் சொல்றவன் வெள்ளைத் தொப்பி. அந்தச் சோதனைக்குப் பேரு பெனட்ரேஷன் டெஸ்ட்.”

“தொப்பி போட்டுக்கிட்டா வருவாங்க, அங்கிள்?” கேஷியர் வாணிக்கு உண்மையாகவே சந்தேகம்.

“இதுக்குத்தான் படிக்கணுங்கிறது! ஃபயர்வால்னா வாசல்ல நிக்கிற காவல்காரன். அதுக்கும் மேல நம்ம பாஸ்வேர்டு. அவ்ளோ நீளம், அவ்ளோ ஸ்ட்ராங். என் ஈமெயிலுக்கும் அதேதான், வீட்டு வைஃபைக்கும் அதேதான். அப்புறம் பாரேன், எவன் நுழையிறான்னு!”

வாணி பதில் சொல்வதற்குள், பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள். கையில் வெள்ளித் தட்டு. அதில் வெற்றிலை பாக்கு, குங்குமம், தங்க நிறத்தில் கல்யாணக் கார்டு.

“மாமா! என்னைத் தெரியலையா?”

சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் கடை வரைக்கும் தேடி வந்து பத்திரிகை வைக்கிறவளிடம் ‘நீ யாரம்மா’ என்று கேட்க எந்த மாமாவுக்குத் துணிச்சல் வரும்?

“தெரியாம என்னம்மா! நீ… நம்ம பந்திங்ல இருக்கிற வள்ளியம்மாள் அக்கா மகதானே?”

“கரெக்டா சொல்லிட்டீங்க, மாமா!”

“பின்ன! உன்னை இந்தக் கையால தூக்கியிருக்கேன். அக்கா வரலையா?”

“பார்க்கிங் கிடைக்கல மாமா. கார்லயே உட்கார்ந்திருக்காங்க.”

கமலநாதன் கார்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். “ஆகஸ்ட் ரெண்டு, ஞாயித்துக்கிழமை. குடும்பத்தோட வந்துடறோம்மா. கூறைப் புடவைய நம்ம கடையிலதான் எடுக்கணும், சொல்லிட்டேன்!”

“கண்டிப்பா மாமா. கார்டுக்குப் பின்னால இருக்கிற கியூஆர ஸ்கேன் பண்ணி, எத்தனை பேர் வர்றீங்கன்னு போட்டுடுங்க. கேட்டரிங்காரர் உயிர வாங்குறாரு.”

கமலநாதன் ஃபோனை எடுத்தார். அதே நேரம், ஏணியோடு ஒருவன் உள்ளே நுழைவது கண்ணில் பட்டது. ஒரு கண்ணை அவன்மேல் வைத்தபடியே, ஈமெயில் லாகின் முதல் ஃபோன் கேட்ட விவரங்களையெல்லாம் தட்டினார். சைவமா அசைவமா என்ற இடத்தில் மட்டும் சற்று யோசித்தார்.

அந்தப் பெண் கும்பிட்டு விடைபெற்றதும், ஏணிக்காரன்மேல் பாய்ந்தார்.

“யாருப்பா நீ?”

“ஏர்கான் சர்வீஸ், பாஸ்.”

“சர்வீஸா? யாருகிட்ட கதை விடுற? வெளிய போ!”

போனான். அன்று முழுக்கக் கடை வெந்தது. விசிறிக்கொண்டே நின்ற ஊழியர்கள் மனத்துக்குள் என்ன திட்டினார்களோ, கமலநாதன் மட்டும் வெற்றிவீரராக உலவினார். சாயங்காலம் பரமேஸ்வரனுக்கு ஃபோன் போட்டார்.

“மச்சான், ஒரு கொசுகூட உள்ள நுழையல. பூச்சோங் சாவிய எப்ப வந்து வாங்கிக்கட்டும்?”

“ரிப்போர்ட் வந்துருச்சு மச்சான். சோஷியல் இன்ஜினியரிங்காம், பேசியே ஆள ஏமாத்துறது. உன் பாஸ்வேர்டையே போட்டு உள்ள போயி, கஸ்டமர் விவரம் அத்தனையும் எடுத்துக் காட்டிட்டாங்க.”

கமலநாதனுக்குப் பூச்சோங் கடை கண்ணெதிரே இழுத்து மூடப்பட்டது.

“சான்ஸே இல்ல! யாரு, அந்த ஏர்கான்காரனா?”

“பக்கத்துலதான் இருக்காங்க. நீயே கேட்டுக்க.”

ஃபோன் கைமாறியது.

“யாருங்க நீங்க? எப்படி நுழைஞ்சீங்க?” என்றார் கமலநாதன்.

மறுமுனையில் ஒரு பெண் குரல் மிகவும் பாசமாகக் கேட்டது:

“ஆடி மாசத்துல யாரு மாமா கல்யாணம் வைப்பாங்க?”