கூட்டமில்லாத கோயில்

அங்கோர் கோயில் வாசலில் கொடுத்த கண்ணாடியை மாட்டியதும், சொந்தக் குடும்பத்தைத் தவிர மற்ற பயணிகளெல்லாம் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் மறைந்துபோனார்கள். இடிந்த மண்டபம் முழுக்க வள்ளியப்பனுக்கும் அவர் மனைவி உமையாளுக்கும் மட்டும்தான்.

"இதென்ன பெரிய கோபுரம்? நம்ம ஊர்ல இல்லாததா? ஒரு வாய் நல்ல காபிக்கு வழியில்ல," என்று காலையிலிருந்து தொணதொணத்துக்கொண்டே வந்தார் அவர்.

நண்பகலில் உமையாள் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டாள். அதன்பின் அவர் எத்தனை முறை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அம்மா உங்களைக் குடும்பத்துலேருந்து எடுத்துட்டாங்க ஐயா. சாயங்காலம் சேர்த்துக்குவாங்களாம்," என்றது அவர் காதில் கண்ணாடியின் வழிகாட்டிக் குரல்.

வள்ளியப்பன் ஆத்திரத்தோடு கண்ணாடியைக் கழற்றினார். பிராகாரம் முழுக்கத் தேசதேசத்துக் கணவன்மார், புன்னகையோடு சிலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த தத்தம் மனைவியரிடம் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.