பிணை நின்றவர்

"ஆறு மாசம் உள்ள போட வச்சது பத்தாதா ஐயா? இன்னிக்கும் வந்து நிக்கிறாரு பாருங்க."

தங்கம்மா கைகாட்டிய இடத்தில், மாத்தளைக் கோர்ட்டு வாசலில், பலாபத்வல ஊர் மிளகு வியாபாரி பதுர்தீன் மொதலாளி நின்றார். துருக்கித் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். கக்கத்தில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று.

தங்கம்மாவின் புருஷன் சிவசாமிக்காக வழக்குப் பேசிய பிரக்கிராசி வீரசிங்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவர் கெடக்கட்டும். நம்ம வேலையப் பார்ப்போம்" என்றார்.

வேலை லேசானதல்ல. பதுர்தீனின் செவலைப் பசு காணாமல் போயிருந்தது. அதன் கழுத்துக் கயிறும் மணியும் தோட்டத் தொழிலாளி சிவசாமியின் லயத்து அறையில் கிடைத்தன. ரோட்டில் கிடந்ததை எடுத்து வந்தேன் என்று சிவசாமி சொன்னதை நீதவான் நம்பவில்லை. "இவன்தான் களவெடுத்து இறைச்சிக்கு வித்தவன்" என்று கூண்டில் ஏறி அடித்துச் சொன்னவர் பதுர்தீன். நேற்றுக் காலை தீர்ப்பாகிவிட்டது.

"அப்பீல் குடுத்தாச்சு. கொழும்புல பெரிய கோர்ட்டு விசாரிக்கும். அதுவரைக்கும் சிவசாமி வெளிய இருக்கணும்னா, காணி உள்ள ஒருத்தர் பிணை நிக்கணும்."

"இல்லாட்டி?"

"உள்ளதான். அப்பீல் வர்றதுக்குள்ள ஆறு மாசமே முடிஞ்சிரும்."

தங்கம்மா காணிக்கு எங்கே போவாள்? சொந்தபந்தம் முழுக்க லயத்தில் பிறந்து லயத்தில் சாகிறவர்கள். பிரஜாவுரிமைக்கே எழுதிப் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்கிறவர்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குச் சொந்தக் காணி இருந்தது. காலையில் போய்க் கேட்டாள். அவருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்துவிட்டது.

"கொழும்புலயாச்சும் நியாயம் கெடைக்குங்களா?"

"அங்க சாட்சிக்காரங்களத் திரும்பக் கூப்பிட மாட்டாங்க. இங்க எழுதி வச்சத வாசிச்சுத்தான் பார்ப்பாங்க. எழுதினதெல்லாம் நமக்கு எதிராத்தான் இருக்கு."

பொய் சொல்லி ஆறுதல் தரத் தெரியாத பிரக்கிராசி. அந்தத் தொழிலுக்குள் எப்படி நுழைந்தாரோ.

பதுர்தீன் கிட்டே வந்தார். தங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சண்டை வரப்போகிறது என்று நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"ஐயா, சிவசாமிட அப்பீலுக்கு ஆரு பிணை?"

"இன்னும் ஒருத்தரும் இல்ல. அதத் தெரிஞ்சு உங்களுக்கு என்ன ஆகணும்?"

"கேஸ் குடுத்தவன் பிணை நிக்க ஏலுமா?"

வீரசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சட்டத்துல தடை ஒண்ணும் இல்ல. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

"அப்ப எழுதுங்க."

துணியை அவிழ்த்தார். உள்ளே காணி உறுதிப் பத்திரம்.

உள்ளே போய்க் கையெழுத்து வைத்துவிட்டு அவர் வெளியே வந்தபோது, சண்டை பார்க்க வந்த கூட்டம் உருகிப் போய் நின்றது.

"மாட்டப் பறிகொடுத்த மனுசன், களவெடுத்தவனுக்கே பிணை நிக்கிறாரே. இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார் தேத்தண்ணிக் கடை கணபதி.

"சும்மாவா, ஹாஜியார் பரம்பரை" என்றார் இன்னொருவர்.

பதுர்தீனுக்கு வியர்த்துக் கொட்டியது. பேசாமல் பஸ் ஏறியிருந்தால் போதும், ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும்.

தங்கம்மா அழுதுகொண்டே அவர் காலில் விழப் போனாள். "எம்புருசன மன்னிச்சிட்டீங்களே மொதலாளி."

"வேணாம் தங்கச்சி, எழும்புங்க." இரண்டடி பின்னால் போனவர், பிரக்கிராசியிடம் திரும்பினார்.

"கொழும்புக் கோர்ட்டுக்குப் புதுசா ஒண்டு சொல்லணுமெண்டா என்ன செய்யணும்?"

"சத்தியக் கடதாசி போட்டுப் பார்க்கலாம். ஆனா அதுல என்னத்த எழுதுறது?"

பதுர்தீன் தொப்பியைச் சரியாகப் போட்டுக்கொண்டார். கணபதிக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"இப்பிடி எழுதுங்க. நேத்துப் பின்னேரம் அஸர் தொழுதிட்டு வாறேன், களவு போன மாடு கன்னுக்குட்டியோட என்ட வாசல்ல நிக்கிது."